நாலே முக்கால் அடி

பேனாவைத் தொடக் கூடாது என்பதற்காகவே ரொசாலி காலை பத்து மணிக்கு இறால் உரிக்க உட்கார்ந்தாள். ஒண்டிக்கட்டைக்கு அரைக் கிலோவே ரெண்டு வேளைக்கு வரும். ஆனாலும் மீன்காரியிடம் ஒரு கிலோ போடச் சொன்னாள், பொடி இறாலாகப் பார்த்து, உரிக்க உரிக்கத் தீராததாகப் பார்த்து. தலையைக் கிள்ளு, ஓட்டைக் கழற்று, முதுகைக் கீறிக் கறுப்பு நரம்பை இழு, சட்டியில் போடு. கை இரண்டும் நாறிக்கொண்டிருக்கும்வரை நகராட்சிக் காகிதத்தைத் தொடு என்று யாரும் சொல்ல முடியாது. காகிதம் உள்ளே மேஜைமேல், பழைய கறுப்பு டெலிபோனுக்கு அடியில் இருக்கிறது, பறக்காமல். பறந்தால்தான் நல்லது. நாலு பக்கம், நாலாம் பக்கத்தில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே 'உரிமையாளர் கையொப்பம்'. அந்தக் கோட்டில் பெயரை எழுதினால், பழைய வீடுகளைச் சீர்செய்ய நகராட்சி ஒதுக்கியிருக்கும் நிதியிலிருந்து இந்த வீட்டுக்கு மானியம் வரும், புது உத்திரம் வரும், அடுத்த மழைக்கு அவள் தலைமேல் எதுவும் விழாது. எழுதாவிட்டால் வராது. இவ்வளவுதான் விஷயம், சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும். பதினொரு மணிக்கு இஞ்சினியர் தட்சிணாமூர்த்தி வந்து வாங்கிக்கொண்டு போவார், நாளைக்குக் கமிட்டி கூடுகிறது, தவறினால் அடுத்த வருஷம்தான், அடுத்த வருஷம்வரை இருப்பாயா என்று உத்திரத்தைத்தான் கேட்க வேண்டும். கோட்டுக்கு மேலே ஏழு நிபந்தனை. ஆறு பரவாயில்லை. சுண்ணாம்புக் காரைதான் பூசணும், சிமெண்ட் கூடாது, சரி. மஞ்சள் வர்ணம்தான் அடிக்கணும், சரி. முகப்பில் போர்டு மாட்டக் கூடாது, சரி, நான் என்ன சாராயக் கடையா வைக்கப்போகிறேன். ஏழாவதுதான் தொண்டையில் முள். 'தெருமுகப்பில் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாவது வாசலை அகற்றி, சுவரை அசல் நிலைக்குக் கொண்டுவர உரிமையாளர் சம்மதிக்கிறார்.' சம்மதிக்கிறாராம். அந்த இரண்டாவது வாசலில்தான் இப்போது ரொசாலி பலகை போட்டு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

உத்திரத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் பயம் வரும், பயம் வந்தால் கை தானாகக் கையெழுத்துப் போட்டுவிடும், அவளுக்கு அவளைத் தெரியாதா. காதில் விழுவதே போதும். நாற்பது வருஷம் புதுச்சேரி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதை வைத்துப் பிழைத்தவள், எந்த லைனில் மூச்சு, எந்த லைனில் பொய் என்று சொல்லிவிடுவாள், உத்திரத்துக்குள் கரையான் தின்கிற சத்தம் கேட்காதா. மணல் உதிர்கிற மாதிரி ஒரு சத்தம், நிற்கும், திரும்ப வரும். போன ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை பூசைக்குப் போய்விட்டுத் திரும்பினால், தளத்திலிருந்து ரெண்டு கூடைச் செங்கல்லும் சுண்ணாம்பும் கட்டில்மேல் விழுந்து கிடக்கிறது, சரியாகத் தலையணைமேல். அவள் முதலில் செய்த காரியம் தலையணையை எடுத்துத் தட்டியது. தட்டி, உறையைக் கழற்றி, ஊறவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபிறகுதான் அதில் தன் தலை இருந்திருக்கும் என்று உறைத்தது. அன்றைக்கே கட்டிலை இழுத்து இந்த வாசலோரம் போட்டுக்கொண்டாள், ஏனென்றால் முழு வீட்டிலும் விரிசல் விடாத இடம் இந்த வாசலுக்கு மேலே இருக்கிற வளைவுதான். பெரிய வாசல் என்று ஒன்று இருக்கிறதே, ரெண்டு பக்கமும் தூண் வைத்து, பித்தளைக் குமிழ் பதித்த தேக்குக் கதவு போட்டு, தெருவில் போகிற வெள்ளைக்காரன் எல்லாம் நின்று படம் பிடிக்கிறானே, அது அதே மழையில் நிலை இறங்கி இறுகிப்போனது. நாலு பேர் தோள் கொடுத்தும் அசையவில்லை. பெரிய மனுஷன் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கிறது, உபயோகம் பூஜ்யம். தபால்காரர், கேஸ் சிலிண்டர், மாசம் ஒரு தடவை எட்டிப் பார்க்கும் மாதாகோயில் சாமியார், இந்த வாசலை மூடு என்று காகிதம் கொண்டுவந்த இஞ்சினியர், எல்லாரும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். காலையில் மரக்கடைக்குப் போய் ரெண்டு சவுக்குக் கம்பம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், பதினாலடி நீளம், உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்க. மானியம் வருகிறவரைக்கும் தாங்கட்டும் என்றுதான் கடைக்காரரிடம் சொன்னாள். வாய் அப்படிச் சொன்னது. மனசு என்ன நினைத்துக்கொண்டு மரக்கடைவரை நடந்தது என்று இப்போது யோசித்தால் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

இந்த ஏழாவது நிபந்தனை வானத்திலிருந்து விழவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். முதல் தடவை கமிட்டி வந்தபோது கூடவே ஒரு நிபுணர் அம்மாள் வந்தாள், கைத்தறிப் புடவை, கழுத்தில் கோலிக்குண்டு சைசில் மணி. பெரிய வாசலைப் பார்த்துத் தலையாட்டினாள், இந்த வாசலைப் பார்த்து நின்றே போனாள். இவ்வளவு அகலமா, இது குதிரை வண்டி உள்ளே வருவதற்கு விட்ட வாசல், இந்தப் பக்கத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை என்று வளைவைத் தடவித் தடவிப் பார்த்தாள். குதிரையாவது கழுதையாவது. ரொசாலிக்கு வயிற்றுக்குள் சிரிப்பு, வாயை இறுக்கிக்கொண்டாள். தட்சிணாமூர்த்தி முழங்கால் வலியோடு குனிந்து டேப் வைத்தார். நாலே முக்கால் அடி. "பெரிய வாசலே நாலடிதான் மதாம், இது ஏன் இவ்ளோ அகலம்?" என்று கேட்டார். தெரியலையே என்றாள், தெரிந்திருந்தும். அந்த லைனைக் கொடுக்காதே. அது இப்போது வேண்டாம். இறாலைப் பார். அத்தோடு விட்டிருந்தால் குதிரை வண்டி வாசலுக்கு மானியத்தோடு மாலையும் போட்டிருப்பார்கள். ஆனால் விண்ணப்பத்தில் 'பழைய ஆதாரங்கள் இருப்பின் இணைக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. இந்த ஊர் ஜனங்களுக்கு அது போதும். காகிதம் இருந்தால்தான் மனுஷன் என்று நம்புகிற ஊர், பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டிப் போனாலும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். பிறந்த காகிதம், ஞானஸ்நானக் காகிதம், கல்யாணக் காகிதம் எல்லாம் தகர டப்பாவில் கற்பூரம் போட்டு வைத்திருப்பார்கள், கேட்டது ஒன்றானால் கொடுப்பது ஒன்பது. ரொசாலியும் கொடுத்தாள். ட்ரங்குப் பெட்டி அடியிலிருந்து பெரியப்பா அந்துவானின் கல்யாணப் போட்டோவை எடுத்து, ஈரத் துணியால்கூடத் துடைக்காமல் பஞ்சால் துடைத்து, ஒட்டிக் கொடுத்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. தோரணம் கட்டிய முகப்பு, கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாகப் பெரியப்பா, அரைக்கால் சட்டையில் மூக்கொழுக எட்டு வயசு அப்பா, பெரிய வாசல், தூண், எல்லாம் இருந்தது. இரண்டாவது வாசல் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் சுவர், சுவரோரம் நாலு விருந்தாளிகள். நிபுணர் அம்மாள் குதிரையையும் வண்டியையும் திரும்ப ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் வந்ததுதான் அசல் என்கிற சொல். அசல் நிலை, அசல் முகப்பு, அசல் தோற்றம். யாருடைய அசல்? முப்பத்தெட்டில் அம்மா இந்த வீட்டுக்குள் இல்லை. அம்மாவை உள்ளே விடாத வீடுதான் அசலாம், அம்மா வந்து உடைத்தது கலப்படமாம். இதைத் தன் கையாலேயே பஞ்சால் துடைத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறாளே, இவளை எதால் அடிப்பது.

அம்மா லூயிசா வாய்க்காலுக்கு அந்தாண்டைச் சேரியில் பிறந்தவள். அப்பா சூசை இந்த வீட்டுச் சின்னப் பிள்ளை, மில் ஆபீசில் குமாஸ்தா. அம்மா அதே மில்லில் நூல் சுற்றினாள். ரெண்டு பேர் தலையிலும் ஒரே கோயில் தொட்டித் தண்ணிதான் ஊற்றியிருந்தார்கள், ஆனாலும் அந்தத் தண்ணிக்கு இந்தப் பக்கம் ஒரு ருசி, அந்தப் பக்கம் ஒரு ருசி. வெளியூர் சாமியார் ஒருத்தர் கையால் தாலி கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். பெரியப்பா கத்தவில்லை. கத்துகிற ஜாதி இல்லை அவர், மெதுவாகப் பேசியே கொல்லுவார். கிழக்கே ரெண்டு ரூம் எடுத்துக்க, உன் பங்கு அது, என்றார். முழு வீடும் இவர்கள் கைக்கு வந்தது அவர் பிள்ளையில்லாமல் போனபிறகுதான். பெரிய வாசல் குடும்பத்துக்கு, உங்க வீட்டம்மா வரப் போகச் சந்து இருக்கு, என்றார். சந்து என்றால் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே இரண்டடி இடைவெளி, எடுப்புக் கக்கூஸ் இருந்த நாளில் தோட்டி வந்து போவதற்காக விட்டது. பத்து வருஷம் அம்மா அதில் போய் வந்தாள். புதுப் பெண்ணாகப் பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தது அதில், பியேரைப் பெற்று எடுத்துக்கொண்டு வந்தது அதில், ரொசாலியைப் பெற்று எடுத்துக்கொண்டு வந்தது அதில். தோள் உரசி உரசி அந்தச் சுவரில் ஒரு இடம் வழவழவென்று ஆகிவிட்டது, இன்றைக்கும் கை வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகளைப் பெரியப்பா தடுக்கவில்லை. பிள்ளைகள் பெரிய வாசலில் ஓடலாம். ரொசாலி ஓடினாள், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, பித்தளைக் குமிழை எண்ணிக்கொண்டே ஓடுவாள். அண்ணன் பியேர் ஒரு தடவைகூடப் போகவில்லை. அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு சந்து வழியாகவே போவான், சந்து வழியாகவே வருவான். வாடா இப்படி என்று பெரியப்பா கூப்பிட்டால், எனக்கு இது பழகிடுச்சு பெரியப்பா என்பான். ஒன்பது வயசில் அவ்வளவு நெஞ்சழுத்தம் எங்கிருந்து வந்ததோ. ரொசாலிக்கு அது அறுபத்துநாலு வயசில்தான் வரவேண்டும் போலிருக்கிறது.

காலையில் தங்கச்சி, கிளோத்தில் என்று பேர், விழுப்புரத்திலிருந்து போன் பண்ணினாள். "அக்கா, இன்னிக்காவது கையெழுத்துப் போடறியா இல்லியா?" என்றாள். "பைத்தியமே, மூடறேன்னு சொல்லிட்டு வாங்கிக்க. ரெண்டு வருஷம் போனா திரும்ப உடைச்சுக்க. எவன் வந்து கேக்கப்போறான்?" நல்ல யோசனைதான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் வேலைத் திட்டத்தில் முதல் வேலையே வாசலை அடைப்பது. பெரிய வாசல் கடைசி வேலை. அதுவரை எப்படி வரப் போக என்று கேட்டதற்குத் தட்சிணாமூர்த்தி, பாவம், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், "பக்கத்துல சந்து இருக்குல்ல மதாம், ஒரு ஆறு மாசம் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமே" என்று. ஆறு மாசம். கையில் காய்கறிப் பையோடு, அந்த வழவழப்பில் தோள் உரச. இதைத் தங்கச்சியிடம் சொன்னால் அவளுக்குப் புரியாது, அவள் இந்த வாசல் வந்தபிறகு பிறந்தவள், வெள்ளைச் சட்டை போட்டு இந்த வாசல் வழியாகத்தான் ஞானஸ்நானத்துக்குப் போனாள், சந்தை அவள் கோழி மேய்கிற இடமாகத்தான் பார்த்திருக்கிறாள். கடைசியாக அவள் சொன்னதுதான் நரம்பு மாதிரி வராமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. "அம்மா இருந்தா என்ன சொல்லுவா தெரியுமா? நீ அடியில நசுங்கிச் சாகறதுக்கா நான் வாசல் வெச்சேன்னு கேப்பா." கேட்பாளா? கேட்டாலும் கேட்பாள். அம்மா பிழைக்கத் தெரிந்தவள். அப்படியானால் இத்தனை நேரம் இறாலை உரித்துக்கொண்டிருப்பது வெறும் வீம்பா? செத்துப்போனவர்களுக்காக ஒரு கிழவி தன் மண்டையைக் கொடுக்கிறாளா? பயமாகத்தான் இருக்கிறது. மேலே அந்த மணல் சத்தம், நிற்கிறது, வருகிறது. எக்ஸ்சேஞ்சில் மழைக்காலத்தில் லைன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பேசுகிற குரலுக்குப் பின்னால் வேறெங்கோ வேறு யாரோ பேசுவது கேட்கும், பிளக்கைப் பிடுங்கிவிடுவாள், ஒரு நொடியில் போய்விடும். இந்தச் சத்தத்துக்குப் பின்னாலும் ஒரு சத்தம் இருக்கிறது. ஐம்பத்தெட்டு வருஷமாகப் பிடுங்கிப் பார்க்கிறாள், போகவில்லை. சரி, வா. வந்து தொலை.

பியேர் டைஃபாய்டில் போனான். நாலரையடிப் பெட்டி, வெள்ளைத் துணி ஒட்டியது. தூக்க வந்தவர்கள் அம்மாவின் அண்ணன் தம்பிகள், மூன்று பேர், கொல்லையில் நின்றார்கள், கூடத்துக்குள் வரவில்லை, வரச் சொல்லவும் இல்லை. செத்தவர் தலைவாசல் வழியாகத்தான் போக வேண்டும், எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். அப்பா பெரியப்பா முன்னால் போய் நின்றார். பெரியப்பாதான் மெதுவாகச் சொன்னார், அவன் பழகின வழியாவே போகட்டும் சூசை. கொல்லைக் கதவைத் தாண்டினால் சந்து. கதவிலிருந்து சந்துக்குத் திரும்ப வேண்டும், நாலரையடிப் பெட்டி இரண்டடிச் சந்தில் எப்படித் திரும்பும்? இப்படி வைத்துப் பார்த்தார்கள், அப்படி வைத்துப் பார்த்தார்கள், சுவரில் இடித்து வெள்ளைத் துணி ஒரு மூலையில் கிழிந்தது. சின்ன மாமாதான் சொன்னார், நிமித்தித் திருப்பிடலாம். நிமிர்த்தினார்கள். பெட்டியை நட்டுக்குத்தாக நிறுத்தினார்கள். ஆறு வயசு ரொசாலி கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவளுக்குக் கேட்டது, உள்ளே பியேர் சரிந்து கீழே வந்து உட்கார்ந்த சத்தம். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மணல் உதிர்கிற மாதிரிதான், அப்புறம் ஒரு தட்டல். எல்லாருக்கும் கேட்டது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தவள் டக்கென்று நிறுத்தினாள், கல்லறைவரை அழவில்லை, திரும்பி வந்தும் அழவில்லை. எட்டாம் நாள் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்தாள், அவளே கடப்பாரையை வாங்கித் தெருப்பக்கச் சுவரில் முதல் குத்துக் குத்தினாள். எவ்வளவு அகலம் வைக்க என்று கொத்தனார் கேட்டதற்கு, ரெண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கதவுக்கு இவ்ளோ எதுக்கும்மா, மூணடி போதுமே, என்றார் அவர். குறுக்கால வெச்சாலும் போகணும், என்றாள் அம்மா. என்ன போகணும் என்று அவர் கேட்கவில்லை. பெரியப்பா வந்து, போலீசைக் கூப்பிடுவேன் லூயிசா, என்றார். முதல் தடவையாக அவள் பெயரைச் சொன்னார். கூப்பிடுங்க, அவங்களும் இந்த வழியாவே வரட்டும், என்றாள். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், குனிந்து, விழுந்த செங்கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெளியே அடுக்க ஆரம்பித்தார். சாயந்தரத்துக்குள் தெரு தெரிந்தது. அது வீம்பு என்றால் இதுவும் வீம்புதான், போ. பிழைக்கத் தெரிந்தவள் அம்மா, ஆமாம், கிளோத்தில் சொன்னது சரி. ஆனால் அவள் இந்த வாசலை வைத்தது பிழைப்பதற்கு இல்லை.

சட்டியில் கடைசி இறாலைப் போட்டபோது ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. தட்சிணாமூர்த்தி ஹெல்மெட்டைக் கழற்றி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ரெண்டு படி ஏறி, அவளைத் தாண்டி உள்ளே வந்தார். "கையெழுத்து ஆச்சா மதாம்?" என்றார். "கை நாறுது, இருங்க," என்றாள். சோப்பு போட்டு, எலுமிச்சை மூடி தேய்த்து, நிதானமாகக் கழுவினாள். மனசு தெளிந்தபிறகு அவசரமில்லை. டெலிபோனைத் தூக்கி வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தாள், பேனாவை எடுத்தாள். ஏழாவது நிபந்தனைமேல் ஒரு கோடு, ஸ்கேல் வைத்து. அப்புறம் இரண்டாம் பக்கத்துக்குப் போனாள். 'வீட்டின் வரலாறு, ஐந்து வரிகளுக்கு மிகாமல்' என்ற இடத்தில் போன மாசம் தாத்தாவின் பதவியும் தூண்களின் பெருமையும் எழுதி வைத்திருந்தாள், அதையும் அடித்தாள். ஓரத்தில், நெருக்கி, எழுதினாள். எழுதி முடித்து நாலாம் பக்கத்துக் கோட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். 'இந்த வீட்டில் என் தாயார் லூயிசாவுக்குத் தலைவாசலில் உரிமை இல்லை. 1965-இல் என் அண்ணன் பியேர் ஒன்பது வயதில் இறந்தபோது அவன் சவப்பெட்டியைச் சந்தில் திருப்ப முடியாமல் நிமிர்த்திக் கொண்டுபோனார்கள். எட்டாம் நாள் என் தாயார் இந்தச் சுவரை உடைத்து இந்த வாசலை வைத்தார். அகலம் அவன் பெட்டி குறுக்கே போகும் அளவு. இந்த வீட்டில் அசல் என்றால் இது ஒன்றுதான், இதை மூட மாட்டேன்.' வாசித்தவர் நிமிரவில்லை. "நாலே முக்கால்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். வாசலைப் பார்த்தார், திரும்பக் காகிதத்தைப் பார்த்தார். "இப்படிக் குடுத்தா ரிஜெக்ட் ஆயிடும் மதாம். நான் என்ன சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

"ஆகட்டும்."

"கூரை?"

"கூரையை நான் பாத்துக்கறேன். ஒண்ணு கேக்கறேன். ரிஜெக்ட் பண்ணினா இந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடுவாங்களா?"

"இல்ல இல்ல. பழைய கட்டட ஃபைல் எதையும் அழிக்கக் கூடாது, ரூல் இருக்கு. ரெக்கார்ட் ரூமுக்குப் போயிடும். பெரியப்பா கல்யாணப் போட்டோவோடயே இருக்கும்."

"அந்தப் போட்டோ மேலயே பின் அடிச்சு வைங்க," என்றாள். "நாளைக்கு எவனாவது எடுத்துப் பாத்தா ரெண்டையும் சேத்துப் பாக்கட்டும்."

அவர் காகிதத்தை மடிக்காமல் பைக்குள் வைத்தார். போகிறவர் போகாமல் நின்றார். தெருவில் தட்டுவண்டி வந்து நின்றிருந்தது, ரெண்டு சவுக்குக் கம்பமும் வண்டிக்கு முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்தது, இன்னும் பட்டை உரிக்காத பச்சை மரம், பிசின் வாசனை உள்ளேவரை வந்தது. வண்டிக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டை மேலும் கீழும் பார்த்தார். கூடத்துத் தரை பழைய காலத்துச் சிவப்புத் தரை, பளபளவென்று இருந்தது, அதைப் பார்த்துத் தயங்கினார்.

"உள்ள அழுக்காகுமேம்மா. சந்து வழியா கொல்லைக்குக் கொண்டு போயிடட்டா?"

"சந்துல திரும்பாது," என்றாள் ரொசாலி.

"அதுக்கென்ன, நிமித்தித் திருப்பிடலாம்."

தட்சிணாமூர்த்தி பையை மேஜைமேல் வைத்தார், ஸ்கூட்டர் சாவியை அதன்மேல் வைத்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப்போய் முதல் கம்பத்தின் பின்முனையைத் தூக்கினார். வண்டிக்காரர் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வீட்டுல இனிமே எதையும் நிமித்த வேணாம்," என்றாள் ரொசாலி. இறால் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தாள், கதவின் ரெண்டு பலகையையும் சுவரோடு சுவராகத் திறந்துவிட்டாள். "படுக்க வெச்சே கொண்டாங்க. நேரா."

கம்பம் படுத்தபடியே உள்ளே வந்தது, ரெண்டு பக்கமும் நிறைய இடம் இருந்தது.